பொட்டாஷ் உரத்துக்கு மாற்று எது? சித்தூர், திருப்பதி விவசாயிகள் அறிய வேண்டிய கணக்கு

திருப்பதி: நிலக்கடலை, மா, தக்காளி, கரும்பு ஆகியவை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பரவலாகப் பயிரிடப்படுபவை. இந்த நான்குக்கும் பொதுவான தேவை பொட்டாஷ் எனப்படும் சாம்பல் சத்து. அதைத் தரும் முதன்மை உரமான மியூரேட் ஆஃப் பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதன் விலை ஏறும்போதெல்லாம் விவசாயிகள் முதலில் குறைப்பது இந்த உரத்தைத்தான்.

இதற்கு மாற்றாகக் கரும்பாலைக் கழிவிலிருந்து பெறப்படும் பொட்டாஷ், பயிர்க் கழிவு, தொழுவுரம், அடுப்புச் சாம்பல், பாறைத் தூள், கடற்பாசிச் சாறு, நுண்ணுயிர் உரம் எனப் பல பொருள்கள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் எது உரத்தின் இடத்தை நிரப்பும், எது துணையாக மட்டும் நிற்கும், எதை எந்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய மாவட்டம் உருவானது. மதனப்பள்ளி உள்ளிட்ட மேற்குப் பகுதிகள் அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றன. நிர்வாக எல்லைகள் மாறினாலும் மண்ணும் பயிர்களும் மாறவில்லை. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டின் வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இதேபோன்ற செம்மண் நிலங்கள் உள்ளன. எனவே இங்கு கூறப்படும் கணக்கு அப்பகுதி விவசாயிகளுக்கும் பொருந்தும்.

சாம்பல் சத்து ஏன் தேவை?

பயிருக்குப் பேரளவில் வேண்டிய மூன்று சத்துகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. தழைச்சத்து குறைந்தால் பயிர் வெளிறிப்போகும். விவசாயியின் கண்ணுக்கு அது உடனே தெரியும். சாம்பல் சத்துக் குறைபாடு அவ்வாறு விரைவில் வெளிப்படுவதில்லை. முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகத் தொடங்கும் வேளையில் மகசூல் இழப்பு ஏற்கெனவே நேர்ந்திருக்கும்.

இலைத்துளைகள் திறந்து மூடுவதைக் கட்டுப்படுத்தி, வறட்சியைத் தாங்க உதவுவது பொட்டாசியம். இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்கும் கிழங்குக்கும் தண்டுக்கும் கொண்டு சேர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு. கரும்பின் சர்க்கரைச் சத்து, தக்காளி சீராகப் பழுப்பது, மாங்கனியின் தரம், நிலக்கடலைப் பருப்பின் திரட்சி ஆகியவை இதனுடன் தொடர்புடையவை. மழையை நம்பிய நிலக்கடலைச் சாகுபடியில் இருபது நாள் மழை தவறினால் பயிர் தாக்குப்பிடிப்பதற்கு இந்தச் சத்து துணை செய்கிறது.

மணற்பாங்கான செம்மண்ணில் களித்துகள் குறைவு. களித்துகள் குறைந்த மண்ணால் பொட்டாசியத்தைப் பெருமளவில் பிடித்து வைக்க இயலாது. பெருமழையில் அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆதலால் இத்தகைய நிலங்களில் ஓராண்டு இட்ட உரம் பல ஆண்டுகளுக்கு இருப்பாக நிற்கும் என எதிர்பார்க்க முடியாது.

கப்பலில் வரும் உரம்

கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் ஆகிய நாடுகளே இந்தியாவுக்குப் பொட்டாஷ் வழங்குவதில் முக்கியமானவை. மத்திய அரசு 2021 அக்டோபரில் வெளியிட்ட தகவலின்படி, அக்காலத்தில் நாடு ஆண்டுக்கு 42 இலட்சம் டன்னுக்கு மேல் பொட்டாஷ் உரத்தை ஏறத்தாழ 7,160 கோடி ரூபாய் செலவில் இறக்குமதி செய்து வந்தது.

அடுத்த ஆண்டே நிலைமை கடுமையானது. 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனியா தன் நாட்டு ரயில் பாதை வழியே பெலாரஸ் பொட்டாஷ் செல்வதை நிறுத்தியது. அதே மாத இறுதியில் ரஷ்யா, உக்ரைன் மீது போர் தொடுத்தது. இந்திய நிறுவனங்கள் 2022இல் ஒரு டன் பொட்டாஷுக்கு 590 டாலர் வரை விலை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2023இல் இந்த ஒப்பந்த விலை 422 டாலராகக் குறைந்தது.

விலை உயர்வின் விளைவு வயலில் எதிரொலித்தது. 2020-21இல் நாடு முழுவதும் சுமார் 31 இலட்சம் டன்னாக இருந்த பொட்டாஷ் சத்துப் பயன்பாடு, 2022-23இல் ஏறத்தாழ 17 இலட்சம் டன்னாகச் சரிந்தது. யூரியா விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் தழைச்சத்தில் இத்தகைய வீழ்ச்சி நேரவில்லை. அறுவடையோடு மண்ணிலிருந்து வெளியேறிய பொட்டாசியம் அதே அளவில் திரும்பி வராத ஆண்டுகள் அவை.

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் பொட்டாஷுக்கான மானியமும் நிலையானதன்று. 2022-23 ரபி பருவத்தில் ஒரு கிலோ பொட்டாஷ் சத்துக்கு 23.65 ரூபாயாக இருந்த மானியம், 2023-24 ரபி பருவத்தில் 2.38 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உலக விலை இறங்கியது இதற்குக் காரணம். ஆயினும் விலையும் மானியமும் இவ்வாறு ஏறி இறங்கும் பொருளை மட்டுமே நம்பியிருப்பதன் இடர் இதில் வெளிப்படுகிறது.

மூட்டை விலை வேறு, சத்தின் விலை வேறு

மாற்றுப் பொருள் எதுவாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதில் எத்தனை சதவீதம் பொட்டாஷ் உள்ளது என்பதே. உர மூட்டைகளில் பொட்டாஷ் அளவு, பொட்டாசியம் ஆக்சைடு என்ற கணக்கில் குறிக்கப்படுகிறது. மியூரேட் ஆஃப் பொட்டாஷில் இது 60 சதவீதம். அதாவது 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சத்து.

ஆந்திரத்தில் மானாவாரி நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 20 கிலோ பொட்டாஷ் சத்து பரிந்துரைக்கப்படுகிறது. இந்த 20 கிலோவை ஒவ்வொரு பொருளிலிருந்தும் பெற எவ்வளவு இட வேண்டும் என்று கணக்கிட்டால் வேறுபாடு புலப்படும்.

- மியூரேட் ஆஃப் பொட்டாஷ் (60 சதவீதம்): 33 கிலோ
- சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (50 சதவீதம்): 40 கிலோ
- மொலாசஸிலிருந்து பெறப்படும் பொட்டாஷ் (14.5 சதவீதம்): 138 கிலோ
- பாலிஹாலைட் கனிம உரம் (14 சதவீதம்): 143 கிலோ
- மரச் சாம்பல் (5 சதவீதம் எனக் கொண்டால்): 400 கிலோ
- நெல் வைக்கோல்: ஒரு டன்னுக்குச் சற்று அதிகம்
- தொழுவுரம் (0.5 சதவீதம் எனக் கொண்டால்): 4 டன்

இப்பட்டியலில் கீழே செல்லச் செல்ல எடை கூடுகிறது. எடை கூடினால் வண்டி வாடகையும் ஆள் கூலியும் கூடும். ஆகவே சத்துச் செறிவு குறைந்த மாற்றுப் பொருள்கள் அருகில் கிடைத்தால் மட்டுமே இலாபம் தரும். முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து சாம்பலை ஏற்றி வருவது வீண் செலவு. சொந்தத் தொழுவத்திலிருந்து எருவை எடுத்து இடுவது அவ்வாறன்று.

கரும்பு தரும் பொட்டாஷ்

அரசு ஏற்பும் மானியமும் பெற்ற உள்நாட்டு மாற்று, மொலாசஸ் எனப்படும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ். வணிகத்தில் இது 'பி.டி.எம்.' என அழைக்கப்படுகிறது.

கரும்பு மண்ணிலிருந்து பெருமளவு பொட்டாசியத்தை உறிஞ்சும் பயிர். சர்க்கரை ஆலையில் சாற்றிலிருந்து சர்க்கரைப் படிகம் பிரிக்கப்பட்ட பின்னர், சாற்றில் இருந்த பொட்டாசியம் கழிவுப்பாகில் தங்கிவிடுகிறது. அந்தப் பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கப்படும்போது சாராயம் ஆவியாகிப் பிரிய, பொட்டாசியம் கழிவுநீரில் எஞ்சுகிறது. ஒரு லிட்டர் எரிசாராயத்துக்குப் பல லிட்டர் கழிவுநீர் வெளியேறும். முற்காலத்தில் ஆறுகளையும் நிலத்தடி நீரையும் கெடுத்த இக்கழிவை வெளியேற்ற இப்போது தடை உள்ளதால், ஆலைகள் அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கின்றன. எரித்தபின் மிஞ்சும் சாம்பலே பொட்டாஷ் உரத்தின் மூலப்பொருள்.

2021 அக்டோபர் 13 முதல் இந்த உரம் மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் 50 கிலோ மூட்டைக்கு 73 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில், சர்க்கரை ஆலைகள் உர நிறுவனங்களுக்கு இதை டன்னுக்கு 4,263 ரூபாய் என்ற விலையில் விற்பதற்கு மத்திய அரசு வழிவகுத்தது. அப்போது நாட்டில் சுமார் 5 இலட்சம் டன் சாம்பல் விற்பனையாவதாகவும், 10 முதல் 12 இலட்சம் டன் வரை உற்பத்தி செய்ய வாய்ப்பு உள்ளதாகவும் அரசு தெரிவித்தது.

ஆலை வாயிலில் டன்னுக்கு 4,263 ரூபாய் என்றால், அதில் உள்ள 145 கிலோ சத்தின் விலை கிலோவுக்கு ஏறத்தாழ 29 ரூபாய். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் மூட்டை 1,550 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் கொண்டால், அதில் ஒரு கிலோ சத்தின் விலை ஏறத்தாழ 52 ரூபாய். ஆலை வாயிலில் கரும்புப் பொட்டாஷ் மலிவானதே. ஆனால் குருணையாக்கி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, விற்பனையாளர் வரை வந்து சேரும்போது அந்த மலிவு நிலைக்குமா என்பதே கேள்வி.

இதற்கு எளிய அளவுகோல் உண்டு. கரும்புப் பொட்டாஷ் மூட்டை ஒன்றில் இருப்பது 7.25 கிலோ சத்து. மியூரேட் மூட்டை 1,550 ரூபாயாக இருக்கும்போது, கரும்புப் பொட்டாஷ் மூட்டை சுமார் 375 ரூபாய்க்குள் கிடைத்தால்தான் சத்தின் விலையில் அது இலாபம். மூட்டை 600 ரூபாய் என்றால், கிலோ சத்துக்கு 83 ரூபாய் கொடுக்கிறோம் என்று பொருள். மூட்டை விலையை மட்டும் பார்த்து 'பாதி விலைக்குக் கிடைக்கிறது' என எண்ணுவது தவறான கணக்கு.

கந்தகம் போன்ற வேறு சில சத்துகளும் இச்சாம்பலில் ஓரளவு உண்டு. அதே வேளையில் இது காரத்தன்மை கொண்டது. ஈரத்தை ஈர்த்துக் கட்டியாகும் இயல்பும் உடையது. ஏற்கெனவே களர், உவர்த் தன்மை உள்ள நிலங்களில் மண் பரிசோதனை இன்றி இடுவது நல்லதன்று.

சித்தூரில் கரும்பு உண்டு, ஆலை?

பழைய சித்தூர் மாவட்டத்தில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கின. சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்தில் இருந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையுமே அவை. இரண்டும் மூடப்பட்டுவிட்டன. கரும்பு விவசாயிகளில் பலர் வெல்லம் காய்ச்சுவதை நம்பியுள்ளனர். சித்தூர் வெல்ல மண்டி தென்னிந்தியாவில் பெயர்பெற்றது.

பொட்டாசியத்தின் பயணத்தில் இது ஒரு முக்கிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சர்க்கரை ஆலையில் பொட்டாசியம் கழிவுப்பாகுக்குச் சென்று, உரமாகத் திரும்பும் வாய்ப்பு உண்டு. வெல்லத்திலோ சாறு முழுவதும் சுண்டவைக்கப்படுவதால், அதிலுள்ள பொட்டாசியத்தின் பெரும்பகுதி வெல்லத்திலேயே தங்கி, மண்டி வழியே வெளியூர்களுக்குப் போய்விடுகிறது. வெல்லத்தில் பொட்டாசியம் சுமார் ஒரு சதவீதம் உள்ளது. எனவே ஒரு டன் வெல்லம் ஊரை விட்டுப் போகும்போது பத்துக் கிலோ அளவுக்குப் பொட்டாசியமும் உடன் செல்கிறது.

வயலில் எஞ்சுவது கரும்புச் சோகை. அறுவடைக்குப் பின் அதைக் கொளுத்தினால் தழைச்சத்தும் கரிமமும் காற்றில் கலந்துவிடும். சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சினாலும் காற்றும் மழையும் அதை அடித்துச் செல்லும். சோகையைப் பொடித்து மறுதாம்புப் பயிரின் பார்களில் மூடாக்காகப் பரப்பினால், பொட்டாசியம் அதே வயலில் தங்கும், ஈரமும் காக்கப்படும்.

வயலைவிட்டு வெளியேறும் சத்து

நிலக்கடலையை அறுவடை செய்யும்போது செடி முழுவதும் வேரோடு பிடுங்கப்படுகிறது. செடி எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு பருப்பில் அன்று, கொடியில்தான் உள்ளது. அந்தக் கொடி மாட்டுத் தீவனமாகிறது. மாடு உண்ட பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுகிறது. தொழுவத்தின் தரை வழியே அது வாய்க்காலில் ஓடிவிட்டால், வயலின் பொட்டாஷ் அங்கேயே தொலைந்துபோகிறது.

சித்தூர் வட்டாரம் பால் உற்பத்தியில் பெயர்பெற்றது. தொழுவத்தில் வைக்கோல், சருகு, செம்மண் ஆகியவற்றைப் பரப்பிச் சிறுநீரை உறிஞ்சச் செய்து, அந்தப் படுக்கையை எருக்குழியில் சேர்ப்பது செலவில்லாத பொட்டாஷ் சேமிப்பு. எருக்குழிக்கு மேல் கூரையோ பந்தலோ இருப்பது அவசியம். பொட்டாசியம் நீரில் எளிதில் கரைவதால், மழையில் நனைந்த எருவிலிருந்து அது முதலில் கசிந்து வெளியேறும்.

நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம் உண்டு. உரக் கணக்கில் இது 14 முதல் 20 கிலோ பொட்டாஷ் சத்து. வைக்கோலை விற்கும் விவசாயி இந்தச் சத்தையும் சேர்த்தே விற்கிறார் என்பதை விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பழங்களும் காய்களும் இவ்வாறே சத்தை எடுத்துச் செல்கின்றன. மாங்கனிச் சதையில் டன்னுக்கு ஏறத்தாழ 1.7 கிலோ பொட்டாசியமும், தக்காளியில் டன்னுக்கு ஏறத்தாழ 2.4 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. ஏக்கருக்கு 20 டன் தக்காளி எடுக்கும் நிலத்திலிருந்து காய்கள் வழியே மட்டும் 57 கிலோ அளவுக்குப் பொட்டாஷ் சத்து வெளியேறுகிறது. இது ஏறத்தாழ இரண்டு மூட்டை மியூரேட் உரத்துக்குச் சமம். நாடறிந்த மதனப்பள்ளி தக்காளிச் சந்தையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு லாரியும் இந்தச் சத்தையும் சுமந்து செல்கிறது.

தமிழ்நாட்டில் கிளிமூக்கு, பெங்களூரா என அறியப்படும் தோத்தாபுரி மாங்காய்தான் சித்தூர் கூழ் ஆலைகளின் மூலப்பொருள். தோலும் கொட்டையும் ஆலைக் கழிவாகக் குவிகின்றன. இவற்றில் பொட்டாஷ் செறிவு குறைவு என்பதால் நேரடி உரமாகக் கருத முடியாது. எனினும் சாணத்துடன் சேர்த்து மட்கவைத்தால் அருகிலுள்ள தோப்புகளுக்குப் பயன்படும். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்து, கிலோவுக்கு 4 ரூபாய் உதவித்தொகையை மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது. விளைபொருள் விலை இவ்வாறு நிலையற்றிருக்கும்போது இடுபொருள் செலவில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் விவசாயிக்கு முக்கியம்.

அடுப்புச் சாம்பல்: பழைய உரம், புதிய எச்சரிக்கை

பொட்டாசியத்தைத் தமிழில் சாம்பல் சத்து என அழைப்பதற்குக் காரணம் உண்டு. சுரங்கப் பொட்டாஷ் சந்தைக்கு வருமுன் உலகெங்கும் மரச் சாம்பலே இதன் மூலமாக இருந்தது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் பெரும்பாலும் கார்பனேட்டாக இருப்பதால் நீரில் உடனே கரையும். பயிருக்கு விரைவில் கிடைக்கும்.

எல்லாச் சாம்பலும் ஒன்றன்று. தேங்காய் மட்டை, வாழைத் தண்டு ஆகியவற்றின் சாம்பலில் பொட்டாஷ் செறிவு அதிகம். மரச் சாம்பலில் நடுத்தரம். வெல்ல அடுப்புகளில் எரியும் கரும்புச் சக்கையின் சாம்பலிலும், உமிச் சாம்பலிலும் சிலிக்காவே மிகுதி, பொட்டாஷ் குறைவு.

சாம்பலைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, யூரியாவுடனோ அமோனியம் கலந்த உரங்களுடனோ சாம்பலைக் கலக்கக் கூடாது. அதன் காரத்தன்மையால் தழைச்சத்து அமோனியா வாயுவாகி வீணாகும். இரண்டாவது, மழையில் நனைந்த சாம்பலில் சத்து கரைந்து போயிருக்கும். உலர்ந்த இடத்தில் சேமிக்க வேண்டும். மூன்றாவது, பெயின்ட் பூசிய மரம், பிளாஸ்டிக், குப்பை எரிந்த சாம்பல் வயலுக்கு ஆகாது.

பாறையில் பூட்டிய பொட்டாஷ்

திருப்பதிக்கு வடகிழக்கே உள்ள கூடூர், 'நெல்லூர் மைக்கா' என உலகச் சந்தையில் அறியப்பட்ட அபிரகச் சுரங்கப் பகுதி. அபிரகத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் வரை பொட்டாஷ் உண்டு. சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதி கிரானைட் கற்களுக்குப் பெயர்பெற்றது. கிரானைட் தூளிலும் நான்கைந்து சதவீதம் பொட்டாஷ் இருப்பது வழக்கம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இவை மரச் சாம்பலுக்கு நிகரானவையாகவும் மேலானவையாகவும் தோன்றும்.

ஆனால் இந்தப் பொட்டாசியம் கனிமப் படிகத்துக்குள் பிணைக்கப்பட்டுள்ளது. மழையும் வேரும் நுண்ணுயிர்களும் அதைச் சிறுகச் சிறுக விடுவிக்க ஆண்டுகள் பல ஆகும். நூறு நாள் பயிரான நிலக்கடலையால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எனவே கல் தூளை 'இயற்கைப் பொட்டாஷ்' என மூட்டை கட்டி விற்பவர்களிடம், அதில் நீரில் கரையும் பொட்டாஷ் எத்தனை சதவீதம் என்று கேட்பது விவசாயியின் உரிமை.

கழிவு அபிரகத்தைப் பயனுள்ள உரமாக்கும் ஆய்வுகள் புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்துள்ளன. ஜார்க்கண்ட் சுரங்கங்களின் கழிவு அபிரகத்தைப் பொடித்து, பொட்டாசியத்தைக் கரைக்கும் பாக்டீரியாவுடன் சேர்த்து இட்டபோது, பயிர் அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்வது கூடியது. மட்கு உரத்துடன் கலந்தும் இது சோதிக்கப்பட்டது. மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு இவ்வழி பொருந்தக்கூடும். கூடூர்ப் பகுதியின் சுரங்கக் கழிவைக் கொண்டு உள்ளூர் மண்ணில் இதைச் சோதித்துப் பார்ப்பது பயனளிக்கும் முயற்சியாக அமையும்.

பாக்டீரியாவும் கடற்பாசியும் என்ன செய்யும்?

'பொட்டாஷ் பாக்டீரியா' எனக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஃபிரட்யூரியா ஆரன்ஷியா போன்ற நுண்ணுயிர். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பொட்டாஷ் திரட்டும் உயிர் உரத்துக்கெனத் தர அளவு வகுக்கப்பட்டுள்ளது. இந்நுண்ணுயிர்கள் அமிலங்களைச் சுரந்து, மண்ணில் ஏற்கெனவே உள்ள கனிமங்களிலிருந்து பொட்டாசியத்தை விடுவிக்கின்றன. மண்ணுக்குப் புதிதாகப் பொட்டாசியத்தைச் சேர்ப்பதில்லை. கனிம இருப்பு நல்ல நிலையில் உள்ள மண்ணில் உர அளவைக் குறைக்க உதவும். இருப்பே தீர்ந்த மண்ணில் இதை மட்டும் நம்ப இயலாது.

ஆந்திரத்தில் 2016 முதல் அரசு ஆதரவுடன் பரவிவரும் இயற்கை வேளாண்மை முறையில் பயன்படும் ஜீவாமிர்தமும் இவ்வாறே நுண்ணுயிர்ப் பெருக்கத்தை முதன்மையாகக் கொண்டது. அம்முறையைப் பின்பற்றுவோர் மூடாக்கையும் பயிர்க் கழிவைத் திருப்புவதையும் விட்டுவிட்டு ஜீவாமிர்தத்தை மட்டும் தெளித்தால் பொட்டாஷ் கணக்கு நேராகாது.

தமிழ்நாட்டின் இராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் கடற்பாசியின் சாற்றில் பொட்டாசியம் செறிந்துள்ளது. பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உள்ள தன் கிளை மூலம் இதன் வளர்ப்பிலும் சாறு தயாரிப்பிலும் முன்னோடியாக விளங்கியது. பயிரின் வளர்ச்சியைத் தூண்ட இச்சாறு உதவும். ஆயினும் ஏக்கருக்குச் சில லிட்டர் தெளிப்பதால் 20 கிலோ பொட்டாஷ் மண்ணுக்கு வந்து சேராது என்பது எளிய கணக்கு.

நம் நாட்டில் சுரங்கம் உண்டா?

2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பொட்டாஷும் இடம்பெற்றது. அதே ஆண்டு சுரங்கச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பொட்டாஷ், கிளாக்கோனைட் உள்ளிட்ட கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. ராஜஸ்தானின் வடமேற்குப் பகுதியில் ஆழத்தில் பொட்டாஷ் உப்புப் படிவங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஏலம் முடிந்தாலும் ஆய்வு, அனுமதி, சுரங்கம் அமைத்தல் எனப் பல கட்டங்கள் உண்டு. ஆகவே அடுத்த சில பருவங்களுக்குச் சித்தூர் விவசாயி இதை எதிர்பார்த்திருக்க இயலாது.

பயிருக்கு ஏற்ற வழி

எந்த ஒரு மாற்றுப் பொருளும் தனியாக மியூரேட் ஆஃப் பொட்டாஷின் இடத்தை முழுமையாக நிரப்பாது. ஆனால் அருகில் கிடைப்பவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினால் வாங்கும் மூட்டையின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

நிலக்கடலைக்கு: ஏக்கருக்கு 2 டன் நன்கு மட்கிய தொழுவுரம் இட்டால், பரிந்துரைக்கப்படும் 20 கிலோவில் 10 கிலோ பொட்டாஷ் வரை அதிலிருந்தே வரும். எஞ்சியதை அடியுரமாக விதைப்பின்போதே இட வேண்டும். விழுது இறங்கும் பருவத்தில் சாம்பலோ பொட்டாஷோ செடியின் அடியில் இடக் கூடாது. காய் பிடிக்கும் மண்ணடுக்கில் பொட்டாசியம் மிகுந்தால், காய் நேரடியாக உறிஞ்ச வேண்டிய சுண்ணாம்புச் சத்து தடைபட்டுப் பொக்குக் காய்கள் பெருகும். அப்பருவத்தில் இட வேண்டியது ஜிப்சம்.

தக்காளிக்கு: மகசூலோடு பெருமளவு பொட்டாஷ் வெளியேறுவதால் உரத்தை முழுவதும் தவிர்ப்பது இயலாது. சொட்டுநீர்ப் பாசனம் உள்ளோர் சிறுசிறு அளவாகப் பிரித்து இடுவது, மணற்பாங்கான மண்ணில் சத்து வீணாவதைக் குறைக்கும். பாசன நீர் உப்பாக இருந்தால், ஏறத்தாழ பாதி எடை குளோரைடாக உள்ள மியூரேட் உரத்தைவிட சல்பேட் வகை ஏற்றது. விலை மட்டும் கூடுதல்.

மாவுக்கு: தொழுவுரம், மட்கிய கூழ் ஆலைக் கழிவு, சாம்பல் ஆகிய மூன்றும் பயன்படும். பூக்கும் தருணத்தில் தெளிக்கப்படும் பொட்டாசியம் நைட்ரேட் பூப்பைத் தூண்டுவதற்கானது. மண்ணுக்கான உரத்துக்கு அது மாற்றன்று.

கரும்புக்கு: சோகை மூடாக்கு முதல் படி. உரிய விலைக்குக் கிடைத்தால் மொலாசஸ் பொட்டாஷை அடியுரமாக இடலாம்.

இவை அனைத்துக்கும் முன்னர் செய்ய வேண்டியது மண் பரிசோதனை. 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் பொட்டாஷ் அளவும் குறிக்கப்படுகிறது. கிராம அளவில் ரைது சேவா மையங்களையும், ஆச்சாரிய என்.ஜி. ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்தின் திருப்பதி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும், வேளாண் அறிவியல் மையங்களையும் விவசாயிகள் அணுகலாம். அட்டையில் பொட்டாஷ் 'அதிகம்' எனக் குறிக்கப்பட்ட நிலத்தில் உரச் செலவைக் குறைக்கலாம். 'குறைவு' என இருந்தால் விலை ஏறியது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது.

கடையில் எந்த மாற்று உரத்தை வாங்கினாலும் மூட்டையில் அச்சிடப்பட்ட பொட்டாஷ் சதவீதத்தைப் பார்த்து, மூட்டையின் எடையால் பெருக்கி நூறால் வகுத்தால் அதில் உள்ள சத்தின் எடை கிடைக்கும். விலையை அந்த எடையால் வகுத்தால் ஒரு கிலோ சத்தின் விலை தெரிந்துவிடும். சதவீதம் அச்சிடப்படாத மூட்டையை வாங்காமல் இருப்பதே நல்லது.